தலையில்லாத பால் சுறா

எங்கள் சொந்தக்காரர்கள் எனக்கு மீன் படம் அனுப்புவார்கள். முழு மீனை யாரும் படம் எடுப்பதில்லை. குழம்பில் கிடக்கிற துண்டைத்தான் எடுப்பார்கள். மேலே எண்ணெய் மிதக்கும், ஓரத்தில் கறிவேப்பிலை ஒட்டியிருக்கும், நடுவே மிளகாய்த்தூள் நிறத்தில் ஒரு முக்கோணம் தெரியும். கீழே ஒரு வரி: "இது இன்னா மீனு, பாத்து சொல்லு." நான் விலங்கியலில் முதுகலை படித்தவள். துடுப்பைப் பார்த்துச் சொல்வேன், வாயைப் பார்த்துச் சொல்வேன், செதிலைக் கையில் கொடுத்தால்கூட ஓரளவு சொல்லிவிடுவேன். புளிக்குழம்பைப் பார்த்து எப்படிச் சொல்வது? தெரியவில்லை என்று எழுதினால் அடுத்த நொடியே பதில் வரும். "அப்பறம் எதுக்கு அவ்ளோ படிச்ச?"

கள்ளக்குறிச்சிப் பக்கம் கடல் மீனில் மொத்தம் இரண்டே இனம். முள்ளு ஜாஸ்தி, முள்ளு கம்மி. அதற்கு மேல் யாருக்கும் அக்கறை கிடையாது. கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஐஸ் பெட்டிகளில் கிளம்பி, உளுந்தூர்பேட்டையில் வண்டி மாறி எங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் அந்த மீன்களுக்கே தங்கள் பெயர் மறந்துபோயிருக்கும். எனக்கோ அது பொறுக்காது. கல்லூரியில் கடலூர் துறைமுகத்துக்குக் கூட்டிப் போன அன்றைக்கே எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. வாலுக்கு முன்னால் பக்கவாட்டில் கத்தி முனை போலச் செதில்கள் வரிசையாக நின்றால் பாறை. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையில் குட்டிக் குட்டித் துடுப்புகள் இருந்தால் கானாங்கெளுத்தி, சூரை, வஞ்சிரம் என்று ஒரே குடும்பத்துக்குள் தேடலாம். கீழ்த்தாடை துருத்திக்கொண்டு, முதுகில் இரண்டு துடுப்புகள் சண்டைக்காரர்கள் மாதிரி தள்ளித் தள்ளி நின்றால் சீலா. எவ்வளவு சுலபம்! ஆனால் இதைக் கேட்க எங்கள் வீட்டில் ஒரு காது கிடையாது.

அக்காவின் பிரசவத்துக்குப் பிறகு திடீரென்று எல்லாக் காதுகளும் என் பக்கம் திரும்பின. திரும்பாமலே இருந்திருக்கலாம்.

அக்காவுக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். குழந்தை பிறந்த எடையிலிருந்து கொஞ்சம் இறங்கியிருந்தது. எல்லாக் குழந்தைக்கும் முதலில் அப்படித்தான், அடிக்கடி மார்பில் போட்டால் பால் தானாக ஊறும், எடையும் ஏறும் என்று நர்சம்மா சொல்லிவிட்டார். அக்கா அதை நம்பினாள். ரிஷிவந்தியத்திலிருக்கும் அவளுடைய மாமியார் நம்பவில்லை. தினமும் போன் செய்வார்.

"பால் பவுடர் டின்னு வாங்கி வெச்சாச்சு. அடுத்த தபா எட போடறப்ப ஏறலன்னா நானே வந்து கலக்கிக் குடுக்கறேன். எம் பேத்தி காஞ்சி போறத பாத்துக்கினு இருக்க முடியாது."

ஒவ்வொரு போனுக்குப் பிறகும் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். "என்னால முடியும்டி. நானே குடுப்பேன்," என்பாள். ஒரு முறை சொன்னால் பரவாயில்லை. ஒரே நாளில் திரும்பத் திரும்பச் சொன்னால், சொல்கிறவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம். குழந்தை ஒரு மூச்சு அழுதாலும் தெருவே எட்டிப் பார்த்து, "பால் பத்தல போலக்கீது," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனது.

அம்மாவிடம் இதற்கு ஒரே மருந்துதான். பால் சுறாப் புட்டு. பிள்ளை பெற்றவள் அதைச் சாப்பிட்டால் பால் ஊறும் என்பதில் எங்கள் ஊரில் இரண்டாவது கருத்து கிடையாது. கடலைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட இதைக் கண்ணால் பார்த்த மாதிரி சொல்வார்கள். பாலுக்கும் அந்த மீனுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று கேட்டால், பெயரிலேயே இருக்கிறதாம்.

எனக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை. வாரம் முழுக்க அங்கே இருந்துவிட்டுச் சனிக்கிழமை இறங்குவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு மீன்கடைக்குப் போனேன். ஒரு வாரமாக அக்காவுக்குப் பால் சுறா அங்கேதான் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பலகையில் வெள்ளை வெளேரென்று வட்டத் துண்டுகள் அடுக்கியிருந்தன. தலை இல்லை, துடுப்பு இல்லை, வால் இல்லை. ஒரு துண்டை எடுத்து அதன் தோலை வால் பக்கமிருந்து தலைப் பக்கமாக விரலால் தடவினேன். சுறாவாக இருந்தால் உப்புத்தாள் மாதிரி விரலைப் பிடிக்க வேண்டும். இது வழுக்கியது. துண்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே பக்கவாட்டில் விலா எலும்பு.

"அண்ணா, இது சுறாவே இல்ல," என்றேன். "சுறாவுக்கு விலா எலும்பே கெடையாது."

கடைக்காரர் கத்தியை நிறுத்தவில்லை. "இருந்தா இனாம்னு வெச்சிக்க பாப்பா."

"இது கடல் விரால்."

"டீச்சரா நீ?"

"ஆமா."

"அதான்." கத்தியைக் கீழே வைத்தார். "கடவிரால்தான். இன்னா இப்ப? பாக்க சுறா மாதிரியே இருக்கும், ருசி அத்தவிட ஜாஸ்தி. வர்றவங்கோ எல்லாரும் பால் சுறா, பால் சுறான்றாங்கோ. இல்லன்னா அடுத்த கடைக்குப் போறாங்கோ. நான் எங்க போறது, கடலுக்கா?"

எனக்கு ஒரே சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன் என்பதற்காக மட்டும் இல்லை. இனி இந்தப் பேச்சே முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வாரமாக அக்கா சாப்பிட்டது பால் சுறாவே இல்லை. ஆனாலும் பால் இருக்கிறது, குழந்தை குடிக்கிறது, ஈரத்துணி மாற்றி மாளவில்லை. ஆக, இதற்கும் மீனுக்கும் ஒன்றும் இல்லை என்று நிரூபணமே ஆகிவிட்டது அல்லவா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதை அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். யோசிக்கிறாள் என்று நினைத்தேன்.

யோசிக்கத்தான் செய்திருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"அதான பாத்தேன்! ஒரு வாரமா எத்தையோ துன்னுக்கினு கெடந்தா பால் எப்பிடி ஊறும்?"

"அம்மா, நான் சொன்னது அது இல்ல."

"நீதானடி சொன்ன, அது சுறாவே இல்லன்னு?"

"ஆமா, ஆனா..."

அதற்குள் போனில் ரிஷிவந்தியம். "சம்மந்தி, தப்பு மீனுங்க! ஆமாங்க, சின்னவ கண்டுபுடிச்சிட்டா. படிச்ச புள்ளையாச்சே. இனிமேட்டு இவளே பாத்து வாங்குவா."

என் வாழ்க்கையில் அம்மா என் படிப்பைப் பாராட்டியது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அக்கா குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையில் அந்த அறையே கருகியிருக்க வேண்டும். "அந்த மீனாவது நல்லா இருந்துச்சிடி. நீ சும்மா இருந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

அந்த வாரம் மலையில் எனக்குப் பாடம் நடத்தவே நேரமில்லை. பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் வரும். செவ்வாய்க்கிழமை அங்கே நிற்கும்போது அம்மாவிடமிருந்து படம் வந்தது. கறுப்புப் பாலித்தீன் பைக்குள் ஒரு சாம்பல் நிறக் கோடு. அவ்வளவுதான் தெரிந்தது. உடனே போன்.

"தலையோட கொண்டாரச் சொன்னேன், கொண்டாந்துட்டாரு. சுறாதான?"

"பையில இருந்து வெளிய எடும்மா. வாயத் தெறந்து ஒரு படம் எடு."

"யாரு வாய?"

"மீன் வாயம்மா!"

பக்கத்தில் கடைக்காரர் சிரிப்பது கேட்டது. அடுத்த படத்தில் வாய் தெரிந்தது, கூடவே அம்மாவின் கட்டைவிரல் பாதி. உடம்பில் பட்டை பட்டையாக மங்கிய நிறம். மாணவிகள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

"உடும்பு மாதிரி கீது மிஸ்," என்றாள் ஒருத்தி.

உண்மையில் நல்ல கவனிப்பு அது. பரீட்சையில் கேட்டிருந்தால் மதிப்பெண் போட்டிருப்பேன். "மூக்குகிட்ட மீசை மாதிரி ரெண்டு தொங்குதாம்மா?" என்றேன் போனில்.

"ஆமாண்டி, தொங்குது. ஆம்பளயா?"

"இல்லம்மா, அது வேற சுறா. பால் சுறாவுக்கு மீசை கெடையாது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆமாம், பால் சுறாதான் என்று சொல்லியிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் ஒரு மீனைக் காட்டி இது என்ன என்று கேட்டால், மூளைக்கு முன்னால் என் வாய் போய்விடுகிறது. என்ன செய்ய!

வியாழக்கிழமை இன்னொன்று. இது பார்க்க அச்சாகப் பால் சுறா மாதிரிதான் இருந்தது. ஆனால் தலை மண்வெட்டி போலத் தட்டையாக, அகலமாக இருந்தது. இது நிஜமாகவே நெருங்கிய இனம்தான். கடற்கரையிலேயே பல பேர் இதையும் பால் சுறா என்று சொல்லித்தான் விற்கிறார்கள். போனில் இதை அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தேன். அம்மாவிடமிருந்து போனை அக்கா பிடுங்கிக்கொண்டாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"பால் சுறாதான்னு சொல்லித் தொலையேண்டி!"

"ஆனா அது பால் சுறா இல்லக்கா. மூஞ்சியப் பாரு, தட்டையா..."

"எம் மூஞ்சியப் பாரு நீ! அம்மா தெனமும் ஒரு மீனப் புடிச்சாந்து கழுவி ஊத்துது, வூடே நாறுது, புள்ள தூங்க மாட்டேங்குது, அந்தம்மா போன் பண்ணி சரியான மீனு கெடச்சிதான்னு கேக்குது. மீனு கெடைக்கலன்னா எனக்குப் பாலு இல்லன்னே முடிவு பண்ணிட்டாங்க. உனக்கு மூஞ்சி தட்டையா இருக்கறதுதான் கவல."

போன் வைக்கப்பட்டது. தண்ணீர்த் தொட்டி அடியில் நான் நின்றுகொண்டிருந்தேன். கோபம் கோபமாக வந்தது. அம்மா மேல், அந்த மாமியார் மேல், கடைக்காரர் மேல், எல்லாரையும்விட என் மேல். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. ஒவ்வொரு சரியான வார்த்தைக்கும் அக்காவின் தலையில்தான் ஒரு குட்டு விழுந்தது.

காலாண்டு விடுமுறை வந்தது. இறங்கி வந்த மறுநாள் காலையிலேயே கடைக்காரர் போன் செய்தார். அவருக்கும் இப்போது இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

"டீச்சரம்மா, தல, வாலு, துடுப்பு எல்லாத்தோடவும் வந்துக்கீது. இதுக்கும் நொட்ட சொன்னா, நான் கடைய மூடிட்டு கருவாடு விக்கப் போயிடுவேன்."

ஓடினேன். நீள மூக்கு, பெரிய கண். வாயின் இரண்டு மூலையிலும் மேல் உதட்டிலும் கீழ் உதட்டிலும் நீளமாக ஒரு பள்ளக்கோடு, யாரோ நகத்தால் கீறிய மாதிரி. முதுகில் இரண்டாவது துடுப்பு சின்னஞ்சிறியது, வயிற்றுப் பக்கம் கடைசியில் இருக்கும் துடுப்பு பாதி தாண்டிய பிறகுதான் அது தொடங்குகிறது. இத்தனை நாளும் புத்தகப் படத்தில் பார்த்ததெல்லாம் கைமேல் கிடந்தது. ஐஸ் தண்ணீர் முழங்கை வரை வழிய அங்கேயே நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

"இன்னா? பாஸா ஃபெயிலா?" என்றார் கடைக்காரர்.

"பாஸ்ணா."

"எனக்கா, மீனுக்கா?"

வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் வைத்து, அளவு எடுத்து, நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும் என்று ஸ்கேல் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் அம்மா கொதிக்கும் வெந்நீரை மேலே ஊற்றித் தோலைச் சுரண்ட ஆரம்பித்திருந்தாள். தலை, நான் அவ்வளவு நாள் தேடிய அந்த வாய்க்கோட்டோடு, பூனைக்குப் போய்விட்டது.

"ஏம்மா, ஒரு நிமிஷம் பொறுக்க முடியாதா?"

"பாத்தது போதும். அதுக்கு இன்னா பொண்ணு பாக்கறியா?"

மஞ்சள் போட்டு வேகவைத்து, உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தாராளமாகப் போட்டு அம்மா புட்டு செய்தாள். அக்கா ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். முகம் மாறியது. ஒரு வாரத்துக்கு மேல் ஏதேதோ மீனை விழுங்கியவள் அன்று அதைக் கையில் துப்பிவிட்டாள்.

"மூத்திர நாத்தம் அடிக்குதுடி."

"ஆமாக்கா, சுறா உடம்புல யூரியா சேத்து வெச்சிருக்கும். செத்த பெறகு அது அம்மோனியாவா..."

"இத்த வேற சொல்லணுமா நீ?"

அம்மா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. சரியான இனத்தைச் சாப்பிடுகிறோம் என்ற பெருமிதம் வேறு. மறுநாளும் சாப்பிட்டேன். கடைக்காரர் உற்சாகமாகத் தினமும் ஒன்று அனுப்ப ஆரம்பித்தார். நான்காவது நாள் பூண்டு வாசனை வந்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அக்காவோ அம்மா கண்ணில் படாமல் தயிர்ச் சோறும், முருங்கைக்கீரைப் பொரியலும், பக்கத்து வீட்டு மாவில் சுட்ட தோசையும் சாப்பிட்டுக்கொண்டு, குழந்தையைப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு, அது சிணுங்கும்போதெல்லாம் எடுத்துப் பால் கொடுத்தாள். எனக்குத்தான் இரண்டு வேளையும் புட்டு. காலி தட்டைப் பார்த்து அம்மா பூரித்துப்போய், "பாத்தியா, சரியான மீனு வந்ததும் எப்பிடித் துன்றா!" என்பாள். நான் ஏப்பத்தை அடக்கிக்கொள்வேன்.

எடை போடும் நாள் வந்தது. அங்கன்வாடிக்கு நாங்கள் போய்ச் சேரும்போதே அக்காவின் மாமியார், ரிஷிவந்தியத்து அத்தை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் கட்டைப் பை. பைக்குள் டின்னின் வட்ட மூடி தெரிந்தது. அக்கா அதைப் பார்த்தாள். குழந்தையை நர்சம்மாவிடம் கொடுத்துவிட்டு அந்தப் பைக்கு முதுகைக் காட்டி நின்றாள். குழந்தை தராசுத் தொட்டிலில் கையைக் காலை உதைத்துக்கொண்டு முள்ளை நிற்க விடாமல் கத்தியது.

நர்சம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "நல்லா ஏறியிருக்கும்மா. ரொம்ப நல்லா ஏறியிருக்கு. இப்பிடியே குடு, வேற ஒண்ணும் தேவயில்ல."

அக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. அவளை யாராவது ஒரு வார்த்தை பாராட்டியிருக்கலாம். அம்மா கையைத் தட்டினாள்.

"பாத்தீங்களா சம்மந்தி! பால் சுறா!"

"ஆமாங்க," என்றார் அத்தை. "சரியான மீனு போனாத்தான் வேல செய்யும்."

அக்கா நிமிர்ந்தாள். அவ்வளவு நாளும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளா இவள் என்று இருந்தது.

"நான் ஒரு வாய்கூடத் துன்னல."

"இன்னாடி சொல்ற?"

"அந்த மீன நான் துன்னவே இல்ல. முதல் நாளு ஒரு வாய் வெச்சேன், அதையும் துப்பிட்டேன். எல்லாத்தையும் இவதான் துன்னா. எம் புள்ளைக்கு ஏறுனது என் பாலு. மீனு இல்ல, ஒண்ணும் இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நர்சம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். இத்தனை நாள் நான் சொல்லிச் சொல்லிப் புரியாதது இப்போதாவது புரியும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அம்மாவுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

"துன்னாமலே இவ்ளோ பாலுன்னா, துன்னிருந்தா?"

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். அத்தை மட்டும் அக்காவைப் பார்த்தார். பிறகு பையின் காதுகளை இழுத்து முடிச்சுப் போட்டார். "டின்ன எங்க தெருக் கடைக்காரன் திருப்பி எடுத்துப்பான்," என்றார், பொதுவாக. அக்காவின் பக்கத்தில் போய் அவள் தலையை ஒரு முறை தடவிவிட்டு, "புள்ளைக்குப் பசிக்குது பாரு, குடும்மா," என்றார். அதுதான் அவரால் முடிந்தது. அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. முந்தானையை இழுத்துக்கொண்டு மூலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கத்திக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று அடங்கியது.

கிளம்பும்போது அத்தை என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "என் அண்ணன் மருமவளுக்கு அடுத்த மாசம் பிரசவம். அந்த மீன எப்பிடி அடையாளம் பாத்து வாங்கறதுன்னு சொல்லிக் குடேன்."

"அத்த, இப்பதான அக்கா சொன்னா, அவ அதைத் துன்னவே இல்லன்னு."

"அது சரிம்மா. இருந்தாலும் வாங்கறத சரியா வாங்கணுமில்ல?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் நிஜமாகவே கேட்கும் ஆர்வம் இருந்தது. துண்டைக் காட்டவில்லை, குழம்பைக் காட்டவில்லை, மீனை எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறார். என் வாழ்நாளில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆள்.

"மொதல்ல வாய் மூலையைப் பாக்கணும் அத்த. மேலயும் கீழயும் நீளமா ஒரு கோடு இருக்கும்," என்றேன்.

"ஆரம்பிச்சிட்டா," என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.